வாசலிலிருந்து இருநூறு மீட்டர்

சட்டம் வந்த வருஷம் பூண்டுக்கு விலையில்லை.
அதனால் எங்கள் வில்லுமேட்டில்
யாரும் அதைப் பெரிதாகத் திட்டவில்லை.
சுற்றறிக்கையைக் கிராம சபையில் நான்தான் வாசித்தேன்.
கஞ்சா என்று வரவேண்டிய இடத்திலெல்லாம்
'உரிமம் பெற்ற இலை' என்றிருந்தது.
பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பைக் குறிப்பேட்டில் ஏற்றும் வழக்கமில்லை.

ஊராட்சிக்கு ஒரு கடை.
இருபத்தொன்று முடிந்தவர்க்கு மட்டும்.
பள்ளி வாசலிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி.

எழுதியவர் மலை ஏறியதில்லை போல.
காகத்துக்கு அது அறுபது மீட்டர்.
படியில் இறங்கினால் நூற்று நாற்பது.
ஜீப் ரோட்டில் சுற்றினால் முக்கால் கிலோமீட்டர்.
மஞ்சு இறங்கிவிட்டால்
கடையும் இல்லை, பள்ளியும் இல்லை,
கையில் டேப் மட்டும் இருக்கிறது.

அந்த டேப்பிலும் முதல் இரண்டு மீட்டர் கிடையாது,
பழைய தலைவர் காலத்தில் எலி தின்றது.
ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்ள வேண்டும்.
மறுமுனை பிடிக்க ஆளில்லாமல்
ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டேன்.
ஜெபக்கனி டீச்சர் ஜன்னலில் நின்று
பார்த்துக்கொண்டே இருந்தார்.

விண்ணப்பம் மூன்று வந்தன.
ஒன்று சவரிராயன் கொடுத்தது.
எந்தச் சரிவில் எந்த மாசம் விதைப்பது,
ஆண்செடியை எப்போது பிடுங்குவது,
இந்த மலையில் அவரைக் கேட்டுத்தான் தெரியவேண்டும்.
நாலு வருஷம் மதுரைச் சிறையில் இருந்தது
அந்தப் படிப்புக்காகத்தான்.

கட்டம் ஒன்பது: முன்பு தண்டனை பெற்றவரா?
ஆம் எனில் மேற்கொண்டு நிரப்ப வேண்டாம்.

"எதுக்காகத் தண்டிச்சாங்கன்னு எழுத
எடமே விடலியேம்மா" என்றார்.
ஓரத்தில் எழுதலாமா என்று கேட்டார்.
ஓரத்தில் எழுதக் கூடாது.
அதற்கும் ஒரு விதி இருந்தது, எடுத்துக் காட்டினேன்.

உரிமம் திருப்பூர்க்காரருக்குப் போயிற்று.
கெட்டவர் என்று சொல்லமாட்டேன்,
அலுவலகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.
கட்டணம் ஆறு லட்சம், ஒரே காசோலை.
எங்கள் கணக்கில் அவ்வளவு பூஜ்ஜியத்தை
வங்கிக்காரரே இரண்டு முறை எண்ணினார்.

வாசல் என்றால் எது என்று மேலிடத்துக்கு எழுதினேன்.
மாணவர் பயன்படுத்தும் வாசல்,
நடந்து செல்லும் பாதையில் அளக்கவும் என்று பதில்.
பள்ளிக்கு வாசல் இரண்டு.
கிழக்கே நூற்று நாற்பது.
மேற்கே இருநூற்றுப் பன்னிரண்டு.

தீர்மானம் எண் பதினான்கு:
கிழக்கு வாசலைச் சுவர் வைத்து அடைப்பது.
செலவினம், இலைக்கடை உரிமக் கட்டணத்திலிருந்து.

எட்டுக் கை எதிர்த்து எழுந்தது.
டீச்சருக்கு ஓட்டு வேறு ஊரில்,
எழுந்த அவர் கையை எண்ண முடியவில்லை.
ஏகமனதாக என்று எழுதச் சொன்னார்கள்.
பெரும்பான்மையாக என்று எழுதினேன்.
என் தைரியம் அந்த ஒரு சொல்லின் அளவு.

சுவருக்குக் கல் சுமந்தது சவரிராயன்.
கூலிப் பட்டியலில் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.
கையெழுத்துப் போட்டார், பணத்தை எண்ணாமல்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கீழத்தெருவில் இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது.
அதையும் சொல்லவேண்டும்.
சனிக்கிழமைகளில் கீழ்நாட்டுக் கார்கள்
பூண்டுக் களம்வரை நிற்கின்றன.
வாடகை ஏறி இரண்டு குடும்பம் வெளியேறியது.
பிராந்தியை விட்டுக் கடைக்கு மாறிய புருஷனைப் பற்றி
மருதாயியிடம் கேட்டேன், அறிக்கைக்காக.
"அடி இல்லம்மா இப்ப. சம்பளமும் இல்ல.
உக்காந்து மலையப் பாத்துக்கிட்டே இருக்காரு."
'சமூக விளைவு' என்ற கட்டத்தில்
இதில் எந்தப் பாதியை எழுதுவது?

இன்று காலை, கிழக்குச் சுவர்மேல்
அன்றைக்கு டேப் பிடித்த பையன்,
ஒரு கால் பள்ளிக்குள், ஒரு கால் வெளியே.
சுற்றிப் போனால் ஈரத்தில் அட்டை ஏறுகிறதாம்.
அங்கிருந்து கடையின் பச்சைப் பலகை
நன்றாகத் தெரியும்.

இறங்குடா என்றேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டான்,
கிண்டலாக இல்லை, நிஜமாகவே.

முதல் மணி அடித்துவிட்டது.